நட்டம் எந்த வரியில் இருக்கிறது?

எம்-சாண்ட் லாரி சைட்டுக்குள் வந்து நிற்கிறது. டிரைவர் சீட்டை நீட்டுகிறார்: 4 யூனிட். மேஸ்திரி டயர்மேல் கால் வைத்து எட்டிப் பார்த்துவிட்டு, 'சரி, கொட்டுங்க' என்கிறார். சீட்டு ஒரு கம்பியில் குத்தப்படுகிறது. மாதக் கடைசியில் அந்தச் சீட்டுகளைக் கழற்றி எண்ணிப் பார்த்துக் கடைக்காரருக்குப் பணம் போகிறது. நம் ஊர் வீட்டு வேலைகள் பலவற்றில் மணல் கணக்கு இவ்வளவுதான்.

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரித் தொட்டி 14 அடி நீளம், 7 அடி அகலம், 4 அடி உயரம் என்றால் 392 கன அடி வருகிறது. ஏறக்குறைய 4 யூனிட், குறை சொல்ல ஒன்றுமில்லை. மணல் விளிம்புக்குக் கால் அடி கீழே நின்றால்? 24½ கன அடி போயிற்று. ஒரு லோடில் அது கண்ணில் படாது. 40 லோடு இறங்கும் வேலையில் 980 கன அடி, கிட்டத்தட்ட 10 யூனிட். தேதி, வண்டி எண், நீளம், அகலம், உயரம், சீட்டில் போட்டிருக்கும் யூனிட் என்று லோடுக்கு ஒரு வரியாக ஷீட்டில் எழுதிவந்தால், இரண்டு மாதம் கழித்து வண்டிவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். எந்த வண்டி எப்போதும் குறைவாக வருகிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஷீட்டை மேசையில் வைத்துப் பேசினால் சத்தம் போடத் தேவையே இருக்காது. அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம்.

கட்டட ஒப்பந்தத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் வழக்கமாகச் சொல்வது, 'வேலைக்குக் குறைவில்லை, பணம் எங்கே போச்சுன்னுதான் தெரியலை' என்பது. பணம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. லாரிக்குக் கால் அடி, கம்பியில் ஒரு துண்டு, பூச்சில் ஒரு நாள் கூலி, கிடைக்காத வரி வரவு என்று சில்லறை சில்லறையாகக் கசிகிறது. எந்த இடத்தில் கசிகிறது என்று வேலை நடக்கும்போதே தெரிந்துகொள்பவருக்கும், கிரகப்பிரவேசம் முடிந்தபின் தெரிந்துகொள்பவருக்கும் இடையே இருக்கும் தூரம்தான் இந்தத் தொழிலில் வளர்ச்சிக்கும் முடக்கத்துக்கும் உள்ள தூரம். ஒரு சாதாரண கணினி, அதில் எக்ஸெலோ கூகுள் ஷீட்ஸோ, ஒழுங்காக எழுதும் பழக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் அந்தத் தூரத்தைக் கடந்துவிடலாம்.

யாருடைய ரேட் இது?

'சதுர அடி என்ன ரேட்?' வீடு கட்ட நினைப்பவர் முதலில் கேட்பது இதைத்தான். கான்ட்ராக்டரும் ஒரு எண்ணைச் சொல்கிறார். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் சொன்ன எண்ணில் ஐம்பதைக் கூட்டியோ குறைத்தோ சொன்ன எண் அது. அந்த இன்னொருவர் யாரைப் பார்த்துச் சொன்னார் என்று விசாரித்தால், ஊரே ஒருவரை ஒருவர் பார்த்து ரேட் சொல்லிக்கொண்டிருப்பது தெரியும். தன் செலவு என்னவென்று அறியாமல் விலை சொல்லும் வியாபாரம் வேறு எதிலும் இத்தனை பெரிய தொகைக்கு நடப்பதில்லை.

ரேட் என்பது பொருள், ஆள் கூலி, கருவி வாடகை, மேற்செலவு, லாபம் ஆகியவற்றின் கூட்டு. பொருளின் அளவைப் புத்தகம் சொல்லிவிடும். 1:1½:3 கலவையில் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் என்பது மதுரையிலும் அதுதான், மன்னார்குடியிலும் அதுதான். ஆள் கணக்கு அப்படியில்லை. மத்தியப் பொதுப்பணித் துறை வெளியிடும் டெல்லி ரேட் அனாலிசிஸ் நூலில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை ஆள் என்று போட்டிருக்கிறது. தொடங்குவதற்கு அது நல்ல நூல். சித்திரை வெயிலில் இரண்டாம் மாடியில் சாரம் கட்டிப் பூசும் உங்கள் குழு ஒரு நாளில் எத்தனை சதுர அடி முடிக்கும் என்பதை அந்த நூல் சொல்லாது. உங்கள் வருகைப் பதிவேடுதான் சொல்லும்.

ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், இருவருக்கும் சேர்த்து நாள் கூலி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 100 சதுர அடி பூசினால் கூலி சதுர அடிக்கு 20 ரூபாய். 80 சதுர அடிதான் முடிகிறது என்றால் 25 ரூபாய். 10,000 சதுர அடி பூச்சில் 50,000 ரூபாய் வித்தியாசம். ஐந்து ரூபாய்தானே என்று பேரம் பேசும்போது தோன்றும். முதலுக்கே மோசமாகும் இடம் அதுதான்.

சனிக்கிழமைச் சம்பளத்துக்காக எல்லா கான்ட்ராக்டர்களும் வருகைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பெயர், எத்தனை நாள், அரை நாள், அட்வான்ஸ், பாக்கி. அந்த நோட்டில் ஒரு பத்தி மட்டும் இருப்பதில்லை: அன்று அவர் என்ன வேலை செய்தார், எவ்வளவு முடித்தார். அந்த இரண்டு விவரத்தையும் தினமும் மாலையில் சேர்த்துவிட்டால், அது வெறும் சம்பளக் கணக்காக இருக்காது. ஆறு மாதம் போனால் செங்கல் கட்டு, உள்பூச்சு, வெளிப்பூச்சு, டைல்ஸ் ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஆட்களின் வேகம் கையில் இருக்கும். மழைக்காலத்தில் எவ்வளவு குறைகிறது, மாடி ஏற ஏற எவ்வளவு குறைகிறது என்பதும் அதிலேயே தெரியும். அடுத்த எஸ்டிமேட்டில் நீங்கள் எழுதும் ரேட் உங்களுடையது. யாராவது குறைத்துக் கேட்டால் எதுவரை குறைக்கலாம், எந்த இடத்தில் எழுந்து வந்துவிட வேண்டும் என்பது தெரியும். நட்டமாகும் வேலையை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

162 என்ற எண்

கம்பி வேலையில் இருப்பவர்களுக்கு 162 மனப்பாடம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.889 கிலோ, 16 மி.மீ. கம்பிக்கு 1.58 கிலோ. கம்பி கட்டும் அட்டவணை என்ற பி.பி.எஸ். முழுக்க இந்த ஒரு சூத்திரத்தின் மேல்தான் நிற்கிறது.

ஷீட்டில் பி.பி.எஸ். போடுபவர்களில் பலர் மொத்த எடையைக் கண்டுபிடித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். பணம் அதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது. 16 மி.மீ. கம்பியில் 4.5 மீட்டர் துண்டு 60 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. ஒன்றில் இரண்டு துண்டு போக 3 மீட்டர் மிச்சம். 30 கம்பியில் 90 மீட்டர், 142 கிலோ. கிலோ 60 ரூபாய் என்றாலே 8,500 ரூபாய்க்குமேல் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும். அதே ஷீட்டை விட்டவாரியாக, வெட்டு நீளவாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால், வேறொரு பீமுக்கு 3 மீட்டர் துண்டு தேவைப்படுவது கண்ணில் படும். வெட்டுவதற்கு முதல் நாள் இரவே இரண்டையும் சேர்த்துத் திட்டமிட்டால் மிச்சமே இல்லை. வெட்டியபின் தெரிந்து பயனில்லை.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. ஐ.எஸ். 1786 தரநிலைப்படி கம்பியின் எடை ஓரளவு கூடக் குறைய இருக்கலாம், 10 மி.மீ. வரை 7 சதவீதம், 12 முதல் 16 மி.மீ. வரை 5 சதவீதம், அதற்குமேல் 3 சதவீதம். கடையில் நீங்கள் பணம் கொடுப்பது எடை மேடையில் காட்டும் எடைக்கு. வேலை கொடுத்தவர் உங்களுக்குப் பணம் தருவது 162 சூத்திரம் சொல்லும் எடைக்கு. தரநிலைக்குள்ளேயே 3 சதவீதம் கனமான கம்பி வந்துவிட்டால், டன் 60,000 ரூபாய் என்று 10 டன் வாங்கியதில் 18,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகிறது. யாரும் ஏமாற்றவில்லை, யார் மேலும் தப்பில்லை. லோடு இறங்கும்போதே எடை மேடைச் சீட்டையும் கம்பி எண்ணிக்கையையும் அடுத்தடுத்த பத்தியில் போட்டு வகுத்துப் பார்ப்பவர் அடுத்த முறை எந்தக் கம்பெனிக் கம்பி வாங்குவது என்று தெரிந்து வாங்குவார். ஒப்பந்தத்தில் எடையை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் கையெழுத்துக்கு முன்னரே பேசிவிடுவார்.

விலை மாறும் நாள்

2025 ஏப்ரலில் தமிழகத்தில் கல் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எம்-சாண்டும் ஜல்லியும் கிடைக்காமல் பல சைட்டுகள் நின்றன. அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டுக்காரரிடம் போய் 'விலை ஏறிடுச்சு, பார்த்துக் கொடுங்க' என்பது ஒரு வகை. மணலும் ஜல்லியுமாக இன்னும் 30 யூனிட் வேண்டும், யூனிட்டுக்கு 1,000 ரூபாய் ஏறினால் 30,000 ரூபாய், எந்தெந்த வேலையில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது இன்னொரு வகை. இரண்டாமவரிடம் பேரம் பேசலாமே தவிர, சந்தேகப்பட முடியாது.

அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 300 ரூபாய் என்றால் மூட்டை 384-லிருந்து 354-க்கு வரவேண்டும். உடனே வீட்டுக்காரர்கள் 'மூட்டைக்கு 30 ரூபாய் குறைஞ்சிருக்கே, எங்களுக்குக் குறைக்கலையா?' என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் பதில் ஆளுக்கு ஆள் வேறு. ஜி.எஸ்.டி. பதிவில்லாத சிறு கான்ட்ராக்டருக்கு அது நேரடி மிச்சம், 400 மூட்டைக்கு 12,000 ரூபாய். பதிவு செய்து, தன் பில்லில் 18 சதவீதம் போட்டு, வாங்கிய சிமென்டுக்கான வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்பவருக்கு அடக்க விலை அன்றும் 300, இன்றும் 300. கையில் புரளும் பணம் கொஞ்சம் இலகுவானது, அவ்வளவுதான். பொருள் விலையையும் வரியையும் தனித்தனிப் பத்தியில் வைத்திருந்தவர் இதைப் பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டார். ஒரே தொகையாக எழுதி வைத்திருந்தவருக்குத் தன் நிலைமையே புரியவில்லை.

விலை மாறும் நாளில் ஷீட்டின் அடிப்படை வசதியே கைகொடுக்கும். 1979-ல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் தனிநபர் கணினிக்கான முதல் ஷீட்டான விசிகால்க்கை ஆப்பிள் 2-க்காக வெளியிட்டபோது அதன் மகிமையே இதுதான்: ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களும் தாமே மாறும். கரும்பலகையில் ஒன்றை அழித்தால் எல்லாவற்றையும் அழித்து எழுதவேண்டிய கஷ்டத்தைப் பார்த்துத்தான் பிரிக்ளினுக்கு அந்த யோசனை வந்தது. அந்த ஒரு வசதியைக்கூடப் பயன்படுத்தாமல், கால்குலேட்டரில் பெருக்கிய விடையை எக்ஸெலில் தட்டி வைப்பவர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

டெண்டரும் பில்லும்

அரசு வேலைக்குப் போனால் ஷீட் தெரிந்தே ஆகவேண்டும். தமிழக அரசின் இ-டெண்டர் தளத்தில் பி.ஓ.க்யூ. எனப்படும் விலை அட்டவணை எக்ஸெல் கோப்பாகவே கிடைக்கிறது. அதை இறக்கி, நிறமிட்ட கட்டங்களில் மட்டும் ரேட்டை நிரப்பி, கோப்பின் பெயரை மாற்றாமல் திரும்ப ஏற்றவேண்டும். இதை வெளியில் யாரிடமோ கொடுத்து நிரப்பி வாங்கும் கான்ட்ராக்டர்களை எனக்குத் தெரியும். தொழிலின் ரகசியமே ரேட்தான், அதை பிரவுசிங் சென்டர் மேசையில் வைத்துவிட்டு வருவது எனக்குச் சம்மதமில்லை.

வேலை கிடைத்தபின் பில். 10 லட்சம் ரூபாய்க்குப் பில் போட்டால் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியாகச் சேரும். பிடித்தங்கள் வரிசையாக வரும்: தனிநபர் கான்ட்ராக்டர் என்றால் வருமான வரி டி.டி.எஸ். 1 சதவீதம், ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். 2 சதவீதம், தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், ஒப்பந்தத்தில் உள்ளபடி ரிடென்ஷன் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 90,000 ரூபாய் கைக்கு வராது. இதில் நல நிதி போனது போனதுதான். வருமான வரிப் பிடித்தம் கணக்குத் தாக்கலில் திரும்பக் கேட்கவேண்டியது. ஜி.எஸ்.டி. பிடித்தம் உங்கள் மின்னணுக் கணக்கில் வந்து நிற்கும். ரிடென்ஷன், குறைகளுக்குப் பொறுப்பேற்கும் காலம் முடிந்து கேட்டு வாங்கவேண்டியது. நான்கும் நான்கு இடத்தில், நான்கு தேதியில். ஒரு ஷீட்டில் பில்வாரியாக இவற்றைத் தொடராதவர் தன் சொந்தப் பணத்தையே மறந்துபோகிறார். இரண்டு வருடம் கழித்து ரிடென்ஷன் ஞாபகம் வந்து ஆபீசுக்குப் போனால் அந்த இன்ஜினீயர் மாற்றலாகிப் போயிருப்பார்.

உள்ளீட்டு வரி வரவு இன்னும் கூர்மையான விஷயம். சிமென்ட் கடைக்காரர் உங்களிடம் வரி வாங்கிக்கொண்டு, தன் கணக்கில் அந்தப் பில்லைக் காட்டாமல் விட்டால், உங்களுக்கு அந்த வரவு கிடையாது. மாதந்தோறும் 14-ம் தேதி வாக்கில் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கை வருகிறது. அதை எக்ஸெலாகவே இறக்கலாம். உங்கள் கொள்முதல் பட்டியலையும் அதையும் பக்கத்தில் வைத்து, பில் எண்ணைக் கொண்டு எக்ஸ்லுக்கப் போட்டால், எந்தப் பில் வரவில்லை என்று வந்துவிடும். 5 லட்சத்துக்கு வாங்கிய பொருளில் 90,000 ரூபாய் வரி. கடைக்காரரின் பாக்கியைத் தீர்ப்பதற்கு முன் இதைப் பார்ப்பவர், 'முதல்ல பில்லை ஏத்துங்க, அப்புறம் செக்' என்று சொல்லலாம். பாக்கியைத் தீர்த்தபின் பார்ப்பவர் கெஞ்சவேண்டும். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடக்கூடாத வேலை இது. பொருள் வந்ததா, திரும்பிப் போனதா என்பது ஆடிட்டருக்குத் தெரியாது.

அளவிலும் ஒரு பொறி உண்டு. ஐ.எஸ். 1200 விதிப்படி பூச்சு அளக்கும்போது அரை சதுர மீட்டருக்கு மேல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்கு ஒரு பக்கம் கழிக்கவேண்டும். சாதாரணக் கதவு 3 அடிக்கு 7 அடி, 2 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. லேபர் கான்ட்ராக்டரோ கதவு ஜன்னல் எதையும் கழிக்காமல் அளப்பது என்று பேசியிருப்பார். கழித்து வாங்கி, கழிக்காமல் கொடுத்தால் நடுவில் இருப்பவர் யார் தலையில் கட்டுவது? வாங்கும் அளவு, கொடுக்கும் அளவு என்று ஷீட்டில் இரண்டு பத்தி இருந்தால் ரேட் பேசும்போதே இது தெரியும்.

ஷீட்டும் ஏமாற்றும்

கணினியில் வந்த எண் என்பதாலேயே நம்பிவிடுவது ஆபத்து. 2003-ல் கனடாவின் டிரான்ஸ்ஆல்டா என்ற மின் நிறுவனம் ஒப்பந்த ஏலத்துக்குத் தயாரித்த எக்ஸெல் கோப்பில் வெட்டி ஒட்டும்போது வரிகள் இடம் மாறிவிட்டன. அந்த ஒரு தவறுக்கு அது கொடுத்த விலை 2.4 கோடி டாலர். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய வகை எக்ஸெல் கோப்பில் வரிகள் போதாமல் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. நம் சைட் ஷீட்டில் நடப்பது இதைவிடச் சாதாரணம்: கடைசியில் புதிதாக ஒரு வரி சேர்ப்போம், கூட்டல் அந்த வரியைச் சேர்க்காமலே நிற்கும்.

பெயர்கள் இன்னொரு வம்பு. ஒரு நாள் 'எம் சாண்ட்', மறுநாள் 'எம்.சாண்ட்', அடுத்த வாரம் 'எம்சேண்ட்' என்று எழுதினால் பிவட் டேபிள் மூன்று பொருளாகக் காட்டும். பொருள் பெயர், ஆள் பெயர், சைட் பெயர் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி டேட்டா வேலிடேஷன் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கட்டங்களை ஒன்றாக்கி அழகுபடுத்துவதை விட்டுவிடுங்கள். ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி, நடுவில் வெற்று வரி கூடாது. இந்த ஒழுக்கத்தை எந்தச் சான்றிதழ் வகுப்பும் அழுத்திச் சொல்வதில்லை. நூறு ஃபார்முலா சொல்லித் தருகிறார்கள். சைட் கணக்குக்குச் சம்இஃப்ஸ், எக்ஸ்லுக்கப், இஃப், ரவுண்ட், வரிசைப்படுத்துதல், ஃபில்டர், பிவட் டேபிள் இவை போதும். பல சைட் கோப்புகளைச் சேர்க்கும் நிலைக்கு வந்தபின் பவர் குவெரி கற்றுக்கொள்ளலாம். எக்ஸெல் வாங்கவேண்டும் என்றுகூட இல்லை. லிப்ரே ஆபீஸ் இலவசம், கூகுள் ஷீட்ஸ் போனிலேயே ஓடும்.

யாருக்கு இது வாழ்க்கை?

டிப்ளமோவோ பி.இ. சிவிலோ முடித்துவிட்டு சைட் சூப்பர்வைசராகச் சேரும் பிள்ளைகள் நான்கைந்து வருடம் அதே இடத்தில் நிற்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. காலையில் ஆள் எண்ணி, மாலையில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நாள் முடிகிறது. அந்த எண்ணிக்கையையே வரிசையாக ஷீட்டில் வைத்து, வெள்ளிக்கிழமை மாலை 'இந்த வாரம் சென்ட்ரிங் ஆள் 42, முடித்தது இவ்வளவு, போன வாரத்தைவிடக் குறைவு, பலகை வராததால் ஒன்றரை நாள் நின்றது' என்று முதலாளி முன் வைப்பவரை எந்த முதலாளியும் சைட்டிலேயே விட்டுவைக்க மாட்டார். பில்லிங் இன்ஜினீயர், பிளானிங் இன்ஜினீயர், குவான்டிட்டி சர்வேயர் என்று போகும் பாதை அங்கேதான் திறக்கிறது. குழந்தைக்காக இடைவெளி விட்ட பெண் பொறியாளர்கள் வீட்டிலிருந்தே சிறு கான்ட்ராக்டர்களுக்கு பி.பி.எஸ்., பில் போட்டுக் கொடுத்துத் தொழிலுக்குத் திரும்ப இதில் வழி உண்டு.

வளைகுடா போக நினைப்பவர்களுக்கு இதன் மதிப்பு இலங்கையைப் பார்த்தால் புரியும். மொரட்டுவப் பல்கலைக்கழகத்தில் குவான்டிட்டி சர்வேயிங் தனிப் பட்டப்படிப்பு. துபாயிலும் தோஹாவிலும் அந்தத் துறையில் இலங்கைக்காரர்களுக்கு இருக்கும் நல்ல பெயர் அந்தப் பயிற்சியிலிருந்து வந்தது. நம்மிடம் எஸ்டிமேஷன் சிவில் படிப்பில் ஒரு பாடம் மட்டுமே. அங்கே அளவெடுப்பு பொமி போன்ற வேறு விதிகளில் நடக்கும். விதிப்புத்தகம் மாறினாலும், அளவை வரியாகப் பிரித்து, ரேட்டோடு பெருக்கி, மாறுதல்களைத் தனியாகத் தொடரும் பழக்கம் ஒன்றுதான்.

கொத்தனாராகத் தொடங்கி லேபர் கான்ட்ராக்ட் எடுக்கும் அண்ணன்களுக்கும் இதைச் சொல்வேன். வீட்டில் பன்னிரண்டாவது படிக்கும் மகளோ மகனோ இருந்தால் ஷீட்டை அவர்களிடம் தொடங்குங்கள். எண்ணை நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் தட்டட்டும். சனிக்கிழமை ராத்திரி அரை மணி நேரம் போதும். பொருளோடு சேர்த்து முழு வேலையாக எடுக்கும் நாள் வரும்போது பொருள் கணக்கும் ஆள் கணக்கும் கையில் தயாராக இருக்கும்.

நேர்முகத்துக்குப் போகும் இளைஞர்களுக்குக் கடைசியாக ஒன்று. பில்லிங் வேலைக்கு ஆள் எடுக்கும் அனுபவசாலிகள் சான்றிதழைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். ஒரு சிறு வீட்டின் வரைபடமும் ஒரு லேப்டாப்பும் தந்து, தரைத்தளக் கான்கிரீட்டை அளந்து ஷீட் போடச் சொல்வார்கள். மொத்தம் எவ்வளவு என்பதை அவர்கள் கடைசியில்தான் பார்ப்பார்கள். தூணும் பீமும் சேரும் இடத்தில் கான்கிரீட்டை இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்களா, பீமின் ஆழத்திலிருந்து ஸ்லாப் தடிமனைக் கழித்தீர்களா, அடியில் உள்ள கூட்டலில் எல்லா வரியும் அடங்கியிருக்கிறதா, எந்த எண் வரைபடத்திலிருந்து வந்தது, எது நீங்களாக வைத்துக்கொண்டது என்று குறித்திருக்கிறீர்களா என்பதைத்தான் முதலில் தேடுவார்கள்.